மொன்சிஞோருக்குத் தண்ணீர் ஊற்றியவர்

இத்தாலியின் பலெர்மோவில் 1995ஆம் ஆண்டு இராசேஸ்வரி என்ற பெண்மேல் ஒரு கஞ்சா வழக்குப் போடப்பட்டது. வழக்கு முடிந்து, அவருக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று எழுதியும் ஆயிற்று. ஆனாலும் நம்மவர்களில் பலர் இன்றுவரை அவரைக் "கஞ்சா வளர்த்துப் பிடிபட்டவ" என்றே சொல்கிறார்கள். சிலருடைய வாயில் அது ஒரு தோட்டமாகவே வளர்ந்துவிட்டது. அங்கே இருந்தவை ஏழு சட்டிகள். ஏழில் ஒன்றும் அவருடையதல்ல. அந்த வழக்கில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் நான். நடந்ததைத் தெரிந்துகொண்டு பேச விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விரும்பாதவர்களுக்காகவும்தான்.

இராசேஸ்வரி யாழ்ப்பாணத்து உரும்பிராயில் பிறந்தவர். அங்கே கூட்டுறவுச் சங்கக்கடையில் சாமான் நிறுத்துக் கொடுக்கும் வேலை பார்த்தார். 1987 ஒக்டோபரில் ஷெல் விழுந்து கணவர் இறந்தார். இரண்டு வருடம் கழித்து, ஒரே மகள் கேசிகாவைத் தமக்கை சிவமலரிடம் விட்டுவிட்டு இத்தாலிக்கு வந்தார். அடுத்த வருடமே வதிவிட அனுமதி, அதாவது பெர்மெஸோ, கிடைத்துவிட்டது. ஆனால் பிள்ளையைக் கூப்பிடத் தனி வீடும் வருமானமும் காட்டவேண்டும். வீட்டோடு தங்கி வேலை செய்கிறவருக்குத் தனி வீடு எங்கிருந்து வரும்? அதற்கு ஆறு வருடம் ஆயிற்று. 1995இல்தான் சிறியதொரு வீட்டுக்குப் பேச்சு முடிந்தது. கேசிகாவுக்குப் பதினேழு வயது. பதினெட்டு ஆகிவிட்டால் தாயின் பெயரில் கூப்பிட முடியாது. 1996 ஜூன் பதினான்காந் தேதிக்குள் மனு உள்ளே போயாக வேண்டும். போகாவிட்டால் ஒருபோதும் போகாது.

அவர் வேலை செய்தது நகரின் பழைய பகுதியான கால்சாவில், பழைய மாளிகை ஒன்றின் மேல்தளத்தில். பாதி அறைகள் பூட்டிக் கிடந்தன. மீதியில் வீட்டுக்கார அம்மா சின்யோரா எர்சீலியாவும் அவருடைய தம்பி ஃபுல்வியோவும் இருந்தார்கள். தம்பிக்கு ஐம்பது வயதுக்கு மேல். என்ன தொழில் என்று கேட்டால் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. மொட்டை மாடியில் ஏழு பெரிய மண்சட்டிகளில் அவர் ஒரு செடி வளர்த்தார். அதன்மேல் அவருக்கு இருந்த பக்தியைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

செடி இடுப்பளவுதான் வளரும். இலை அகலம். ஓகஸ்ட் வெயிலில் ஊர் எரியும்போதே தண்டிலும் இலை நரம்பிலும் ஊதா ஏறத் தொடங்கும். செப்டம்பர் முடியமுன் பூக்குலைகள் முழுவதும் கத்தரிப்பூ நிறமாகி, பிறகு அதைவிடக் கறுக்கும். தொட்டால் விரலில் பிசின் ஒட்டும். கறுப்புக் கொடிமுந்திரிகை பழுத்து விழுந்த இடத்தில் வருமே, அப்படி ஒரு வாசம். பாகிஸ்தானின் வடக்கு மலைகளில் சித்ரால் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறதாம். 1974இல் பழைய வாகனமொன்றில் தரைவழியாகப் போன ஃபுல்வியோ, அங்கிருந்து விதை கொண்டுவந்தார். ஒல்லாந்தில் கலந்து செய்து விற்கிற சரக்கு அல்ல இது, அந்த மலைச் சனங்கள் தலைமுறை தலைமுறையாக, பனியில் தப்பிய செடியின் விதையையே திரும்பத் திரும்ப விதைத்து உண்டாக்கிய இனம் என்பார். இருபது வருடமும் வேறு மகரந்தம் படவிடாமல் ஆணையும் பெண்ணையும் தானே பார்த்துச் சேர்த்து விதை எடுத்தார். "எங்கள் குடும்பத்தில்கூடக் கலப்பு உண்டு, இதில் இல்லை" என்று விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தப் பேச்சை இராசேஸ்வரி கோப்பித் தட்டோடு நின்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். வியாழன் பின்னேரம் வீட்டு வேலைக்காரருக்கு ஓய்வு. நம்மவர்கள் சதுக்கத்தில் கூடும்போது, ஃபுல்வியோ கையை எறிந்து எறிந்து பேசுவதை அவர் நடித்துக் காட்டுவார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். சிரித்தவர்களில் சிலர்தான் பிறகு அவரைக் கண்டதும் மற்றப் பக்கம் திரும்பினார்கள்.

அது கஞ்சா என்று அவருக்குத் தெரியாதா என்று கேட்கிறார்கள். கஞ்சா என்ற சொல் தெரியும். செடியைக் கண்டதில்லை. கேட்கிறவர்களில் எத்தனை பேர் கண்டிருக்கிறார்கள்? அந்த வீட்டில் அந்தச் சொல்லை யாரும் உச்சரித்ததும் இல்லை. செடிக்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் மொன்சிஞோர். ஊதாப் பட்டி கட்டிய கத்தோலிக்கப் பெரிய சுவாமிமாரை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். நிறத்தைப் பார்த்து வைத்த பகிடி. காலையில் சின்யோரா வேலை சொல்லும்போது, "மொன்சிஞோருக்குத் தண்ணீர் ஊற்று" என்பார். இராசேஸ்வரிக்கு அது பகிடி என்று விளங்கவில்லை. மலையிலிருந்து வந்த செடி, பெரிய சுவாமியின் பெயர், இருபது வருடமாக வேறெதுவும் அண்டாமல் காக்கிறார்கள். வில்வம் போல, துளசி போல, இந்த வேதத்துக்காரருக்கு இது ஒரு கோயிற்செடி என்று எடுத்துக்கொண்டார். ஞாயிறு தவறாமல் இந்த நகரின் காவற்புனிதை சந்தா ரொசாலியாவின் மலைக்கு ஏறுகிறவர் அவர். சைவக்காரியாக இருந்தால் என்ன, அடுத்த வீட்டுச் சாமியையும் கும்பிடுகிறவர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்தச் சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். வெள்ளிக்கிழமைகளில் சின்யோராவிடம் கேட்டு, பக்கக் கிளையில் ஒரு சின்னப் பூ எடுத்துத் தன் அறையில் பிள்ளையார் படத்துக்கு வைத்தார். சின்யோரா சிரித்துக்கொண்டே தலையாட்டினாராம். எதற்குச் சிரித்தார் என்று இப்போது தெரிகிறது.

1995 ஒக்டோபர் முதல் வாரம் பக்கத்து மாளிகையைப் புதுப்பிக்கச் சாரம் கட்டினார்கள். சாரத்தில் ஏறியவர்களுக்கு மாடி முழுவதும் தெரிந்தது. அவர்களில் யாரோ சொல்லியிருக்கவேண்டும், ஒரு நாள் காலை ஒன்பது மணியளவில் பொலிஸ் வந்தது. ஃபுல்வியோ பக்கத்து ஊரான பகேரியாவில் உறவினர் வீட்டில் இருந்தார். சின்யோரா ஒரு கணமும் யோசிக்கவில்லை. அவை வேலைக்காரியின் மூலிகைகள், இவர்கள் சமையலுக்கு என்னென்னவோ வளர்ப்பார்கள் என்று சொன்னார். அறையைப் பார்த்தார்கள். பிள்ளையார் படத்தின் முன்னால், சிறு தட்டில், ஊதாப் பூ. அவர்களுக்கு அது போதும்.

நிலையத்தில் மொழிபெயர்க்க யாருமில்லை. ஆறு வருடத்தில் இராசேஸ்வரி படித்த இத்தாலியன் சமையலறைக்குப் போதும், வாக்குமூலத்துக்குப் போதாது. எதிரே இருப்பவர் பேசும்போது "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொள்வது நமது மரியாதை. அவர் "சி, சி" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இத்தாலியனில் சி என்றால் ஆம். அதுகூடப் பரவாயில்லை. கடைசியில் அதிகாரி ஒரு கேள்வி கேட்டார்: "இந்தச் செடிகளை நீ உன் நாட்டிலிருந்து கொண்டுவரவில்லையா?"

இராசேஸ்வரி "சி" என்றார்.

தமிழில் இதே கேள்விக்கு என்ன பதில் சொல்வோம்? "நீ கொண்டுவரேல்லையோ?" என்று கேட்டால், "ஓம், நான் கொண்டுவரேல்லை" என்போம். கேட்டவர் சொன்னது சரி என்பதற்கு அந்த ஓம். இத்தாலியனில் அதே கேள்விக்குச் சி என்றால், "இல்லையில்லை, நான்தான் கொண்டுவந்தேன்" என்று பொருள். எழுதினார்கள். கையொப்பம் வாங்கினார்கள். விசாரணை முடியும்வரை வெளியே இருக்கலாம் என்று அனுப்பினார்கள். மாளிகைக் கதவு திறக்கவில்லை. என் மகள் புனிதமலரின் வீட்டுக்கு வந்தார். மாற்றுடுப்புக்கூட இல்லை.

ஃபுல்வியோ திரும்பி வந்து கொடுத்த வாக்குமூலத்தை நான் பிறகு வாசித்தேன். சட்டிகளைக் கண்டதாகவும், ஏதோ கீரை என்று நினைத்ததாகவும், செடி சிலோனிலிருந்து வந்திருக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். இருபது வருடமாக ஊர், மலை, குலம், கோத்திரம் எல்லாம் பாடிய மனிதர், ஒரே காலையில் அந்தச் செடிக்கு வேறு பிறந்த ஊர் எழுதிக் கொடுத்துவிட்டார். இராசேஸ்வரி பிறந்த ஊரை.

நவம்பரில் பெர்மெஸோ புதுப்பிக்க வேண்டும். வழக்கு இருப்பதால் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் புதுப்பிக்காமல் எடுத்து வைத்துவிட்டார்கள். பெர்மெஸோ இல்லாமல் பிள்ளையைக் கூப்பிடும் மனு இல்லை. அதற்குள் ஒக்டோபர் முப்பதாந் தேதி இராணுவம் நெருங்கியதால், உரும்பிராய் அடங்கிய வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. கேசிகாவும் சிவமலரும் சாவகச்சேரிப் பக்கம் நடந்து போனார்கள் என்று மட்டும் செய்தி வந்தது. எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள், சாப்பிட்டார்களா, ஒன்றும் தெரியாது. இங்கே தாய் செடிக்குத் தண்ணீர் ஊற்றியதற்காகக் குற்றவாளி.

இந்த நேரத்தில் நமது பிரார்த்தனை மண்டபக் குழு என்ன செய்தது? வழக்கு முடியும்வரை வெள்ளிக்கிழமைப் பிரசாதத்துக்கு இராசேஸ்வரி கை வைக்க வேண்டாம் என்று ஆள்விட்டுச் சொல்லியது. நேரில் சொல்ல ஒருவருக்கும் முகம் இல்லை.

எங்களோடு சதுக்கத்தில் கூடுகிற மொரீசியஸ்காரர் தேவென் மட்டும் வந்து பார்த்தார். அவருடைய பூட்டன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பம். தமிழ் நாலு சொல் தெரியும், மீதி கிரியோலும் இத்தாலியனும். செடி எப்படியிருந்தது என்று கேட்டார். அகல இலை, இடுப்பு உயரம், செப்டம்பரில் பூ முற்றிவிடும் என்று இராசேஸ்வரி சொன்னதும் அவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். தன் தீவில் கஞ்சாவைக் கந்தியா என்பார்களாம். வெப்பத் தீவுச் செடி கமுகு மாதிரி ஒல்லியாகக் கூரைக்கு மேலே போகும், இங்கே நட்டால் டிசம்பர் நத்தாருக்கும் பூத்து முடியாது. இது பகேரியாச் சீமாட்டி மாதிரிக் கட்டையும் குண்டும். குளிர்நாட்டு மலைச்சாதி.

"அப்ப அதை வந்து கோட்டிலை சொல்லுங்கோவன்" என்றார் இராசேஸ்வரி.

தேவென் சிரிப்பை நிறுத்தி இத்தாலியனில் கேட்டார். "அக்கா, உனக்கு எப்படித் தெரியும் என்று அவர்கள் கேட்டால் நான் என்ன சொல்வது?"

அதோடு அந்தச் சாட்சி முடிந்தது. ஆனாலும் அவர் வந்து பார்த்தார், அதை நான் மறக்கவில்லை.

விசாரணை 1996 பெப்ரவரியில். இரு தரப்பையும் நேருக்கு நேர் வைத்துக் கேட்பதென்று நீதவான் அம்மையார் முடிவெடுத்து, மொழிபெயர்ப்புக்கு என்னை அழைத்திருந்தார். நான் யாழ்ப்பாணத்தில் விதானையாக, அதாவது கிராம அலுவலராக, இருந்தவன். இங்கும் எல்லோருக்கும் விதானையார்தான். போகும்போது பஸ்ஸில் இராசேஸ்வரி வெளியே பார்த்தபடி இருந்தார். ஃபுல்வியோ உண்மையைச் சொல்வார் என்று நம்புகிறீரா என்று கேட்டேன்.

"அவருக்குத் தமக்கை மேலை பாசமில்லை, என்மேலை இரக்கமுமில்லை. கடவுளுக்கும் பயமில்லை" என்றார். "அந்தச் செடி ஒண்டுதான் அவருக்கு. அதிலைதான் கை வைக்கவேணும்."

நீதவானின் அறையில் முதலில் நான் அந்த "சி" என்ற சொல்லை விளக்கினேன். அம்மையார் பொறுமையாகக் கேட்டார். இருக்கலாம், ஆனால் கையொப்பம் இருக்கிறது, மறுபக்கத்தில் இரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள் என்றார். சின்யோரா எர்சீலியா முத்துமாலையைத் தடவிக்கொண்டு பழைய பாடத்தையே ஒப்பித்தார். தண்ணீர் ஊற்றச் சொன்னது தானல்ல என்றார். தம்பியும் சிலோன் என்றார். பிறகு வந்த விவசாய நிபுணர் இளைஞர். காய்ந்த செடியை வைத்துப் பிறப்பிடம் சொல்வது கடினம், ஊதா நிறம் இரவுக் குளிரால் வந்திருக்கலாம் என்றார். குளிரால் என்றதும் ஃபுல்வியோவின் கால் கதிரைக்குக் கீழே ஆடியதை நான் கண்டேன். இராசேஸ்வரியும் கண்டார்.

ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று நீதவான் கேட்டார். இராசேஸ்வரி என் பக்கம் திரும்பினார்.

"விதானையார், நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லுங்கோ. மெருகு போடாதேங்கோ."

சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு வசனமாக நான் இத்தாலியனில் சொன்னேன்.

"உது வருத்தக்காரச் செடி. அதுதான் வளராமல் குட்டையா நிண்டது. நோய் பிடிச்சுத்தான் நிறம் மாறினது. எங்கட ஊரிலை உப்பிடி ஒண்டு குப்பையிலை முளைச்சால் பிடுங்கி ஆட்டுக்குப் போடுவம். ஆடும் மணந்து பாத்திட்டு விட்டிடும்."

ஃபுல்வியோ தமக்கையைப் பார்த்தார். தமக்கை அவருடைய முழங்கையைப் பிடித்தார்.

"நல்ல சாதிச் செடியெண்டால் பிள்ளைபெறும், பரவும். உது பரவின செடியே? ஐயா பாவம். பெரிய இடத்து விதையெண்டு சொல்லி ஆரோ சந்தையிலை அவரை ஏமாத்திப் போட்டினம்."

கடைசி வசனத்தை நான் சொல்லி முடிக்கவில்லை. ஃபுல்வியோ எழுந்துவிட்டார்.

"ஏமாற்றினார்களா? என்னையா? சந்தையில் வாங்கவில்லை, அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு கிழவனின் வயலில் நின்று என் கையால் உதிர்த்த விதை அது. நோயாம். குளிராம். ஓகஸ்டில் இந்த ஊரில் எங்கே குளிர்? அது இரத்தத்தில் இருக்கிற நிறம். இருபத்தொரு முறை விதைத்தேன், இருபத்தொரு முறையும் அதே ஊதா. சிலோனில் இப்படி ஒரு செடி பூத்துக் காட்டட்டும் பார்க்கலாம்."

அறையில் தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. எழுத்தர் ஒரு சொல்லும் விடவில்லை. நீதவான் தலையை நிமிர்த்தாமல், எந்த ஆண்டு கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். எழுபத்து நான்கு என்றார் ஃபுல்வியோ. சொல்லி முடித்தபிறகுதான் முகம் வெளுத்தது. முத்துமாலையைத் தடவிக்கொண்டிருந்த சின்யோராவின் கை கழுத்தில் அப்படியே நின்றது.

நான் சொல்ல வந்தது இதைத்தான். ஆறு வருடம் தன் வீட்டைக் கூட்டித் துடைத்த பெண் நாடு கடத்தப்பட இருந்தபோது அந்த மனிதருக்கு வாய் திறக்கவில்லை. அவளுடைய மகள் கூரையில்லாமல் இருக்கிறாள் என்று நீதவான் வாசித்தபோதும் திறக்கவில்லை. செடியின் குலத்தைக் குறை சொன்னதும் திறந்தது. அவர் உண்மை சொன்னார் என்று யாரும் அவரைப் புகழ வேண்டாம். உண்மை அவரிடமிருந்து பிடுங்கப்பட்டது. பிடுங்கியவர் இராசேஸ்வரி.

இராசேஸ்வரியின் பெயர் வழக்கிலிருந்து நீக்கப்பட்டது. ஃபுல்வியோவுக்கு என்ன நடந்தது? நல்ல வழக்கறிஞர், நல்ல குடும்பப் பெயர். சொந்தப் பாவனைக்கு வளர்த்தது என்று ஆகி, ஒரு எச்சரிக்கையோடு முடிந்தது. அதே ஏழு சட்டிகள் ஒரு வேலைக்காரியின் பெயரில் இருந்தால் விமானத்தில் ஏற்றி அனுப்பியிருப்பார்கள். அவருடைய பெயரில் இருந்தால் அது ஒரு பெரிய மனிதரின் விசித்திரம். செடிகளும் எடுத்து வைத்த விதையும் எரிக்கப்பட்டன. அதற்கு அவர் அழுதார் என்று கேள்விப்பட்டேன். அவருடைய நண்பர் ஒருவர் நீதிமன்றப் படியில் என்னை நிறுத்தி, உலகத்தில் அருமையான ஓர் இனம் ஒரு பெண்ணின் பேச்சால் அழிந்துபோயிற்று என்று வருத்தப்பட்டார். மலைச் சனங்களின் உழைப்பாம், எத்தனை நூறு வருடமாம். அந்த மலைச் சனங்களுக்காக நானும் வருந்துகிறேன். அவர்களுடைய விதையை ஒருவரும் கேட்காமல் கொண்டுவந்து, விருந்தாளிகளுக்குக் காட்டி, ஆபத்து வந்ததும் அவர்களுடைய பெயரையே மறைத்தவருக்காக வருந்த எனக்கு வரவில்லை. அப்படியே சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

ஒரு வாரத்தில் சின்யோராவிடமிருந்து செய்தி வந்தது. எல்லாவற்றையும் மன்னித்துவிட்டார்களாம், இராசேஸ்வரி பழையபடி வேலைக்கு வரலாமாம். இராசேஸ்வரி போனார். உடுப்புகளையும் பிள்ளையார் படத்தையும் எடுக்க. புனிதமலர் துணைக்குப் போயிருந்தாள். சின்யோரா வாசலில் நின்று மன்னிப்பைத் திரும்பவும் சொன்னாராம். தன் சமையலறை இத்தாலியனில் இராசேஸ்வரி சொன்ன பதிலைப் புனிதமலர் எனக்குச் சொன்னாள்: "சின்யோரா, மன்னிப்பை நீங்களே வைச்சிருங்கோ. உங்களுக்குத் தேவைப்படும்."

ஏப்ரலில் பெர்மெஸோ வந்தது. பேசிவைத்த வீட்டோடும் புதிய வேலையோடும் மே மாதம் மனு உள்ளே போனது. சாவகச்சேரியிலிருந்து கேசிகாவின் பிறப்புப் பத்திரப் பிரதி வந்து சேர்ந்த விதமே தனிக் கதை. அந்த வேலை, மொண்டெல்லோக் கடற்கரை உணவகம் ஒன்றின் சமையலறையில் இராசேஸ்வரி தேடிக்கொண்டது. கோடை முழுவதும் காலையிலிருந்து மீன் சுத்தம் செய்தார். 1997 ஜனவரியில் கேசிகா கொழும்பு வழியாக வந்து இறங்கினாள். ஏழு வருடத்துக்கு மேலாகக் காணாத தாயைவிட அரையடி உயரமாக நின்றாள்.

தைப்பூசத்துக்குத் தாயும் மகளும் பிரார்த்தனை மண்டபத்துக்கு வந்தார்கள். இராசேஸ்வரி ஒரு பெரிய சட்டி சர்க்கரைப் பொங்கலைத் தானே தூக்கி வந்து, யாரிடமும் கேட்காமல் படத்தின் முன்னால் வைத்தார். குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆள்விட்டுச் சொன்னவர்களில் ஒருவர், பெயர் எழுத விரும்பவில்லை, கேசிகாவின் அருகே வந்து, கேட்டும் கேட்காத குரலில், நீர் அந்தக் கஞ்சா வழக்குக்காரியின் மகளா என்று விசாரித்தார்.

கேசிகா மண்டபம் முழுவதும் கேட்கத்தான் பதில் சொன்னாள்.

"வழக்கிலை வெண்டவவின்ரை மகள். பொங்கல் எடுங்கோ மாமா, ஆறப்போகுது."

அவர் கையை நீட்டினார். பிறகு மற்றவர்களும் நீட்டினார்கள்.